எழுபது மில்லி செகண்ட்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று பேரை நேர்காணல் செய்துகொண்டிருக்கிறேன். மூன்றும் நிரல்கள்தான், ஆனாலும் ஆளுக்கொரு குணம்.

கணினியில் ஒலி அட்டை ஒன்றுதான். பாட்டு, அழைப்பு, நான் எழுதும் நிரல் எல்லாம் அதை நோக்கி ஒரே நேரத்தில் ஓடிவரும். வாசலில் நின்று ஒழுங்குபடுத்த ஒருவன் வேண்டும். அவன்தான் சவுண்ட் சர்வர். லினக்ஸில் இந்த வேலைக்கு என் முன்னால் மூன்று பேர். ஜாக் ஒரு கறார்ப் பேர்வழி. சொன்ன நேரத்துக்கு ஒலியைக் கொடுப்பான், ஆனால் அட்டையைப் பிடித்துவிட்டால் அடுத்தவனுக்கு விடமாட்டான். பல்ஸ் ஆடியோ எல்லோரையும் அனுசரித்துப் போகிறவன். நேரத்தைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. பைப்வயர், இரண்டு பேர் வேலையையும் நானே பார்க்கிறேன் என்று வந்திருக்கும் புதியவன்.

மூன்றாமவனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அதற்குத் தொழில் காரணம் எதுவும் கிடையாது. என் பழைய அலுவலகத்து நெட்டையன் அதைப் புகழ்ந்து ஒரு மாநாட்டில் அரை மணி நேரம் பேசியிருக்கிறான். எனக்கு அது போதும்.

மார்ச் 5, புதன்

இதெல்லாம் எதற்கு என்று எழுதி வைக்க வேண்டும். பிறகு என்னையே நான் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

ஞாயிறன்று துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "அண்ணனுக்கு இருபத்தேழாம் தேதி இன்டர்வியூ. கம்ப்யூட்டர்லயே பேசணுமாம், மூணு பேர் எதிர்ல. போன ரெண்டு இடத்திலயும் அண்ணனுக்குப் பேரைக்கூடச் சொல்ல வரலை. நீங்க சத்தத்தோட மல்லுக்கட்டறவர்தானே, எதாச்சும் செய்ய முடியாதா?"

மச்சானுக்குத் திக்குவாய். ஐம்பத்திரண்டு வயது. அவர் வேலை பார்த்த சோதனைப் பிரிவையே மூடிவிட்டார்கள். இது மூன்றாவது நேர்காணல். இதுவும் போனால் இந்த வயதில் நான்காவது வராது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எனக்கு அவர் மேல் இரக்கம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், நானும் அவரோடு வேலை பார்த்த அதே நிறுவனத்தில், இரைச்சல் நீக்கும் நிரலை எழுதியவன் நெட்டையன் என்று மேலாளர் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். எழுதியவன் நான். யார் எந்தப் பகுதியை எழுதினார்கள் என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பதிந்தவர் மச்சான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மச்சான், நீங்க சொல்லுங்க" என்றேன். வாயைத் திறந்தார். தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தார். மூடினார். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். அதன் பிறகு அவரோடு நான் பேசியதெல்லாம் "வாங்க", "சாப்பிட்டீங்களா", "போயிட்டு வாங்க".

வீட்டில் தங்கையோடு மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு அங்கே மட்டும் வாய் கட்டிப்போயிற்றாம். யாரிடம் கதை விடுகிறார்?

ஆனால் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பேசுகிறவனின் குரலைச் சற்றுத் தாமதமாக அவன் காதுக்கே திருப்பிக் கொடுத்தால், திக்குகிறவர்களில் சிலருக்குப் பேச்சு இளகுமாம். ஏன்? யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் செய்கிறேன். மச்சானுக்காக இல்லை.

மார்ச் 7, வெள்ளி

முதல் வடிவம் ஓடுகிறது. மைக்கில் போவது இருநூறு மில்லி செகண்ட் கழித்து ஹெட்போனில் வருகிறது. ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. என் மேலேயே சோதித்துப் பார்த்தேன்.

அடேயப்பா.

செய்தித்தாளில் வானிலைப் பகுதியை எடுத்து வாசித்தேன். முதல் வரியிலேயே நாக்கு புரண்டது. "கடலோரப் பகுதிகளில்" என்பது "கடலோரப் பகுகுதிகளிளில்" என்று வெளியே வந்தது. வேகத்தைக் குறைத்தேன், இழுவையாயிற்று. குரலை உயர்த்தினேன், காதிலும் உயர்ந்தது. முப்பது வருடமாக எந்தக் கூட்டத்திலும் சொல்லுக்குத் தடுமாறாத வாய் இது. அதற்காகவே என்னைப் பிடிக்காதவர்கள் ஏராளம்.

மனைவி கதவருகே நின்று பார்த்தாள். "காலங்காத்தால என்னங்க, குடிச்சிருக்கீங்களா?"

அவள் தலையில் மாட்டிவிட்டேன். இரண்டு வார்த்தை பேசியதும் சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அவளுக்குத் திரும்பி வந்திருக்கும். அதில் இன்னும் சிரித்தாள். கழற்றியபோதுதான் முகம் மாறியது.

"அண்ணனுக்கு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

இல்லை, இது வேறு, அது வேறு, அவருக்கு இது நேர்மாறாக வேலை செய்ய வேண்டும் என்று விளக்கினேன். நீளமாகவே விளக்கினேன். அவள் கேட்டது அது இல்லை என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

மார்ச் 10, திங்கள்

இருநூறையே நிலையான அளவாக வைத்துவிட்டேன். நாக்கை அதிகம் பிடிப்பது அதுதான்; அதிகம் பிடித்தால் அதிகம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சவுண்ட் சர்வர் விஷயத்தில் இப்போதைக்குப் பல்ஸ் ஆடியோ. நேர்காணல் அழைப்பு அதன் வழியாகத்தான் போகும். அழைப்பவர்களுக்கு மச்சானின் குரல் தாமதமில்லாமல் நேராகப் போக வேண்டும். அவர் காதுக்கு மட்டும் தாமதம். அதே காதில் அவர்கள் கேள்வியும் விழ வேண்டும். நிரல் அவருடைய மடிக்கணினியில் ஏறிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

மச்சான் வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பத்தி வாசித்தார். நான் பார்த்ததிலேயே மோசம். ஒரு சொல்லின் முதல் எழுத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை இறுக்கி... கழற்றி மேசையில் வைத்தார். எறியவில்லை. அந்த மனிதர் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை.

"பரவால்ல மாப்பிள்ளை."

"என்ன பரவால்ல? பத்து நாள் வேலை இது!"

அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனார்.

நன்றி கெட்ட ஜென்மம். இவருக்குப் போய் நான் உக்காந்து... என்னைச் சொல்லணும்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. நிரலையும் தொடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மனைவி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணன் குடுத்தார். உங்களைப் பாக்கப் பயந்துக்கிட்டு என்கிட்ட குடுத்துட்டுப் போறார். இது என்ன வீடா, போலீஸ் ஸ்டேஷனா?"

கோடு போட்ட தாள். ஏழு தாமத அளவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று முறை வாசிப்பு. எத்தனை செகண்ட், எத்தனை தடை, எந்த எழுத்தில். அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் பழைய அலுவலகத்தின் மணமே வந்துவிட்டது. அங்கே எனக்கு வந்த ஒவ்வொரு பிழை அறிக்கையும் இதே கையெழுத்தில், இதே இரண்டு தலைப்புகளோடுதான் வரும்: எதிர்பார்த்தது, நடந்தது.

இருநூறில் அவருக்கு எல்லாமே மோசம். எழுபதில் இளகுகிறது. ஒரு நிமிட வாசிப்பில் பதினொன்றாக இருந்த தடை மூன்றாகியிருக்கிறது.

ஆக, என் நாக்கை வைத்து அவர் நாக்குக்கு அளவெடுத்திருக்கிறேன். சட்டை தைக்கிறவன் கண்ணாடி முன்னால் நின்று தன் தோளையே அளந்த மாதிரி.

அதைவிடக் கீழே ஒரு வரி: "எதிர்பார்த்தது: எழுபது என்று வைத்தால் எழுபது. நடந்தது: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காதுக்கே வித்தியாசம் தெரிகிறது."

காதுக்குத் தெரிகிறதாம்! சிரித்தேன். கணினியில் ஒலி வெளியேறும் துளையையும் உள்ளே வரும் துளையையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒரு 'டக்' ஒலியை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தேன். நான் கேட்ட தாமதத்துக்கு மேல் சர்வர் சேர்ப்பது ஒரு முறை நாற்பத்தொன்று. ஒரு பாட்டை ஓடவிட்டு நிறுத்தியபின் எழுபத்தாறு.

அவர் காது சொன்னது சரி.

மார்ச் 19, புதன்

பல்ஸ் ஆடியோவைத் திட்டிப் பயனில்லை. ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபரைத் தேவையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்வது அதன் இயல்பு. பாட்டு கேட்கிறவனுக்கு அது புத்திசாலித்தனம். நான்தான் பேருந்தில் ஏறிக்கொண்டு ரயிலின் நேர அட்டவணையைத் தேடியிருக்கிறேன்.

ஜாக்குக்கு மாற்றி எழுதத் தொடங்கினேன். என்ன அழகான ஏற்பாடு! இத்தனை ஒலித்துண்டுக்கு ஒரு முறை உன்னைக் கூப்பிடுவேன், அதற்குள் உன் வேலையை முடித்துக் கொடு, சாக்குச் சொல்லாதே என்கிறது. எனக்கு ஏற்ற முதலாளி. நூறு முறை அளந்தேன். நூறு முறையும் பத்தே மில்லி செகண்ட். அதைக் கழித்து அறுபதை நான் சேர்த்தால் எழுபது எழுபதாகவே இருக்கிறது.

இன்று மாலை பசியே தெரியவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு.

மார்ச் 20, வியாழன்

ஒத்திகை. நான் அறையில், மனைவி சமையலறையில் கைப்பேசியோடு. அழைத்தேன், பேசினேன்.

"உங்க வாய் மட்டும் அசையுது. ஊமைப் படம் மாதிரி இருக்கு" என்று அங்கிருந்தே கத்தினாள். "இப்படியே இருங்க, நல்லாத்தான் இருக்கு!"

எதிர்பார்த்ததுதான். அட்டை ஜாக்கின் கையில். அழைப்புக்கு மைக்கும் இல்லை, ஒலியும் இல்லை. அவர் அழகாகப் பேசலாம், கேட்கத்தான் ஆள் இருக்காது.

மார்ச் 21, வெள்ளி

இரண்டுக்கும் நடுவே பாலம் போட வழி உண்டு. போட்டேன். வேலை செய்தது. கணினியை அணைத்துப் போட்டேன்; இரண்டும் ஏறிய வரிசை மாறிப் பாலம் அறுந்தது. நான் பக்கத்தில் இருந்தால் ஒட்டலாம். இன்டர்வியூ நடுவில் மச்சான் எப்படி ஒட்டுவார்? "ஒரு நிமிஷம்" என்று சொல்வதற்கே அவருக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

(இதை வன்மமாக எழுதவில்லை. நேரத்தைத்தான் எழுதினேன்.)

மார்ச் 22, சனி

இன்டர்வியூவுக்கு ஆறு நாள்கூட இல்லை. மச்சான் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார். பாலம் அறுவதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும், அதனால் நானே சொல்லி முடித்தேன். "தெரியும், வரிசையை மாத்தணும், அதானே?"

தலையை இல்லை என்று ஆட்டினார். பேனா எடுத்துக் காகிதத்தில் எழுதினார்: பைப்வயர்.

"அது வேணாம் மச்சான்."

"ஏ... ஏன்?"

என்ன சொல்ல? இருபது வருடம் ஒலியோடு வாழ்ந்தவன், ஒரு தொழில்நுட்பத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதை நெட்டையன் நல்லது என்றான், அதனால்? அவர் காத்திருந்தார். பொறுமையாகக் காத்திருந்தார். எனக்குத்தான் வாய் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நெட்டையனின் பேச்சைக் காணொளியில் பார்த்தேன். மனைவி கோவிலுக்கோ கடைக்கோ போகும் நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக. தலை நரைத்திருக்கிறான். அதே மூக்கு. பேச்சில் பழைய அலட்டல் இல்லை. ஓரிடத்தில், "ஜாக்குக்காக எழுதுனதைத் தூக்கிப் போடாதீங்க, அப்படியே இதுல ஓடும்" என்றான்.

அப்படியே ஓடுமா? ஒரு வரிகூட மாற்றாமல்?

ஓடியது.

ஜாக் கேட்கும் அதே கேள்விகளை அதே முறையில் கேட்டு, என் நிரலுக்கு ஆள் மாறியதே தெரியாதபடி ஓட்டுகிறது. மறுபுறம், அழைப்பு தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. அளந்தேன்: பதினொன்று. ஒன்றுதான் கூடுதல். பாட்டை ஓடவிட்டு அளந்தேன். அழைப்பில் இருந்துகொண்டு அளந்தேன். கணினியை நான்கு முறை அணைத்துப் போட்டு அளந்தேன். பதினொன்று. பதினொன்று.

மூன்று வாரம் முன்பே இதைச் செய்திருக்கலாம். மூன்று வாரத்தை நெட்டையனிடம் கொடுத்தேன். அவனுக்கு அது தெரியவும் தெரியாது.

மார்ச் 25, செவ்வாய்

பைப்வயர் என்று முடிவு. மச்சான் ஏழு அளவுகளையும் இதில் மறுபடி வாசித்துப் பார்த்தார்; உண்மையான எழுபதிலும் அவருக்கு இளகத்தான் செய்தது. அழைப்பில் மச்சானும் அவர் தங்கையும் ஒரு மணி நேரம் ஒத்திகை. அவள் மூன்று பேர் மாதிரி மூன்று குரலில் கேள்வி கேட்டாள். மூன்றாவது குரல் என்னுடையதாம்: "சுருக்கமாச் சொல்லுங்க, எனக்கு நேரமில்லை!" மச்சான் சிரித்துச் சிரித்து, சிரிப்புக்கு நடுவே தன் பெயரைத் தடையில்லாமல் சொன்னார்.

எப்போதும் இப்படி வராது, எதிரே ஆள் மாறினால் வாயும் மாறும் என்று அவரே சொன்னார். "வீட்ல வரும். அங்க வராது. அது என் கையில இல்ல மாப்பிள்ளை." சாதாரணமாகச் சொன்னார், பேருந்து நேரம் சொல்வது போல.

மார்ச் 27, வியாழன்

காலை பதினோரு மணிக்கு இன்டர்வியூ. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறைச் சத்தம் என்பதால் என் அறையில். நான் வெளியே சாப்பாட்டு மேசையில், இன்னொரு கணினியில் நிரலின் நிலையைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கக் கூடாது. மு... முள்ளு ஆடறத மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அப்படியே செய்தேன். ஒலி அளவு காட்டும் இரண்டு பட்டைகள். மேலே அவர் மைக், கீழே அவர் காதுக்குப் போவது. மேல் பட்டை எழும். எழுபது மில்லி செகண்ட் கழித்துக் கீழ் பட்டை எழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முதல் பத்து நிமிடம் நன்றாகவே ஆடின.

பிறகு நின்றது.

சர்வர் விழுந்துவிட்டதோ? இல்லை. துண்டு எதுவும் தவறவில்லை என்று எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அழைப்பும் உயிரோடு இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அவர்தான் நின்றிருந்தார். மூன்று செகண்ட். ஐந்து. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. அதட்டவில்லை.

ஏழு. எட்டு. என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான மில்லி செகண்டுகளை எண்ணியிருக்கிறேன். ஒரு முழு செகண்ட் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில், "நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன்? யோசித்துப் பார்க்கிறேன். இரண்டா? "சரி விடுங்க, புரிஞ்சுபோச்சு" என்று நாற்காலியைத் தள்ளியதுதான் நினைவிருக்கிறது.

பதினொரு செகண்டில் பட்டை எழுந்தது. அதன் பிறகு ஆறு நிமிடம் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் தண்ணீர் குடித்தார். சட்டை முதுகெல்லாம் ஈரம்.

"கூட வேலை பாத்தவங்களோட வந்த சிக்கல் ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. அன்னிக்கு நடந்த மீட்டிங்கைச் சொன்னேன். என்கிட்ட ஒருத்தர் உண்மையைக் கேட்டார், எனக்கு வாய் வரலைன்னு."

"என்ன உண்மை?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் காத்திருந்தேன்.

"ஆறு பகுதில நாலு உங்களுது மாப்பிள்ளை. ரெ... ரெண்டு அந்த நெட்டையனுது. அதைத்தான் சொல்ல வந்தேன். மேனேஜர் சொன்னதும் பொய்தான். நீங்க சொன்னதும் முழுசா சரியில்ல."

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

பொய். ஆறும் என்னுடையது. எனக்குத் தெரியாதா?

மாலை

பழைய கணினி வட்டைத் தேடி எடுத்தேன். பரண் மேல், நான் வேலையை விட்ட அன்று கட்டிய பெட்டியில், பிரிக்காமலே இருந்தது. வழக்குப் போடுவதற்காகச் சேர்த்து வைத்த ஆதாரம். ஒன்பது வருடமாகத் திறந்து பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று அவ்வளவு நிச்சயம்.

ஒவ்வொரு கோப்பிலும் எழுதியவரின் பெயரும் தேதியும் இருக்கிறது. நான்கு. இரண்டு.

அந்த இரண்டில் ஒன்று, இடைவெளி விட்டுப் பேசுகிறவரின் குரலை இரைச்சல் என்று வெட்டிவிடாமல் காக்கும் பகுதி. மனைவியிடமும் வந்தவர் போனவரிடமும் என் கைவண்ணம் என்று வருடக்கணக்காக அளந்துகொண்டிருந்த பகுதி. நெட்டையன் எழுதியிருக்கிறான். நன்றாக எழுதியிருக்கிறான். நான் அதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறேன்.

எப்படி ஆறு ஆனது? எந்த வருடத்தில் நான்கு ஐந்தாகி, ஐந்து ஆறாகியது? கோபத்தைவிட இதுதான் இப்போது அதிகம் குடைகிறது. அளக்கத் தெரிந்தவன் நான். இதை அளக்க எந்தக் கம்பியை எங்கே செருகுவது?

மார்ச் 31, திங்கள்

மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு என்னுது இல்ல."

"தெரியும்" என்றாள். "அண்ணன் அப்பவே சொல்லிட்டார்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

ஏப்ரல் 3, வியாழன்

இன்னும் பதில் வரவில்லை. மச்சான் நிரலில் இரண்டு பிழைகள் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார். எதிர்பார்த்தது, நடந்தது. ஒன்றைத் திருத்தினேன். மற்றது பிழையில்லை என்று வாதாடி நீளமாக எழுதினேன், அனுப்பவில்லை, திருத்தினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பகல் பன்னிரண்டரைக்குக் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தேன். எதிர்முனையில் ஒன்றுமில்லை. இப்படி வந்தால் ஒரு "ஹலோ" சொல்லிவிட்டுத் துண்டித்துவிடுவேன், விற்கிறவர்கள்தான்.

துண்டிக்க விரலைக் கொண்டுபோனபோது பின்னணியில் ஆள் நடமாட்டம் கேட்டது. ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள், விடவில்லை.

மச்சான் என்னைத் தொலைபேசியில் அழைத்ததே கிடையாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட. எதுவானாலும் தங்கை மூலம்தான்.

நான் இன்னொரு ஹலோ சொல்லவில்லை. யாரு, என்ன என்று கேட்கவில்லை. சொல்ல வருவதை நானே சொல்லி முடிக்கவும் இல்லை, என்னவென்று தெரிந்துவிட்டது என்றாலும். கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே ஒருவன் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்து, திருப்பி, போய்விட்டான்.

"மா... மாப்பிள்ளை. புது ஆபீஸ்ல எனக்கு ஒரு மேசை குடுத்திருக்காங்க. இந்த நம்பர் அதோட நம்பர்."

"குறிச்சுக்கறேன் மச்சான்" என்றேன்.